மருத்துவமனை டீசலுக்கு விலக்கு

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. வெளியுறவு அமைச்சகத்தில் மின்விசிறி சுற்றும், நேரத்துக்குத் தேநீர் வரும், நீ நன்றாகத்தான் இருப்பாய். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். தொலைபேசிக் கோபுரம் விழுந்து பதினொரு நாளாகிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். மருந்து லாரி ஓட்டுகிற அண்ணன் எல்லைப் பாலத்தைத் தாண்டி இதைக் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடு. வாசலில் நிற்க வைத்து அதிகாரம் பண்ணாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை முதல் பாலத்தில் உங்கள் ஆட்கள் டீசல் டேங்கர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மேலிடத்து உத்தரவு, போருக்கு ஆகிற எதையும் ரெண்டு பக்கமும் விடக்கூடாதாம்" என்றார்களாம். வானொலியில் அதற்கு நடுநிலை என்று பெயர் சொன்னார்கள்.

என் வார்டில் எட்டு டயாலிசிஸ் இயந்திரங்கள். சிறுநீரகம் செயலிழந்த இருபத்தாறு பேர் அதை நம்பி இருக்கிறார்கள். ஊரில் மின்சாரம் போய் மூன்று வாரம். ஜெனரேட்டர்தான் ஓடுகிறது, ஜெனரேட்டருக்கு டீசல் பாலம் தாண்டித்தான் வரவேண்டும். தொட்டியில் இருப்பதைச் சுரண்டி ஓட்டினால் மாதக் கடைசி வரைக்கும் தாங்கும். அந்த இருபத்தாறு பேரில் ஒருவர் உன் அத்தான் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய், வெள்ளி, ஜன்னலோர நாற்காலி. நேற்றுகூட, "உன் தம்பி பெரிய எடத்துல இருக்கான், ஒரு வார்த்தை எழுதிப் போடு" என்றார். அவருக்கு உன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

இந்த உத்தரவு யார் மூளையில் உதித்தது என்று விசாரித்துச் சொல். மருத்துவமனைக்கு மட்டும் விலக்கு கொடுக்க ஒரு வரி போதும். ஒரு நாளைக்கு நானூறு லிட்டர். அதை வைத்துக்கொண்டு யாரும் யாரோடும் போர் செய்ய முடியாது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா

*

ஏப்ரல் 14

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். திட்டு குறைவாக இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. லாரி அண்ணனை உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னேன். அதிகாரம் எதுவும் பண்ணவில்லை.

இந்தக் கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது. அதனால் எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கொஞ்சம் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். சண்டை போடும் இரண்டு நாடுகளுமே நமக்குப் பக்கத்து வீடு. நீ வாழ்க்கைப்பட்ட நாட்டின் துறைமுகம் வழியாகத்தான் நம் சரக்கு கடலுக்குப் போகிறது. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் அனுப்பும் எரிவாயுவில்தான் இங்கே பாதி ஊரில் அடுப்பு எரிகிறது. அவர்கள் தூதர் இங்கே வந்து, பாலம் தாண்டிய எட்டு டேங்கர்கள் நேராக ராணுவ முகாமுக்குள் நுழைந்ததைப் படத்தோடு காட்டினார். படம் பொய்யில்லை, அக்கா. அதற்குப் பிறகு சும்மா இருந்தால் எரிவாயுக் குழாயை மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் நடுக்கம்.

உணவுக்கும் மருந்துக்கும் தடை இல்லை. அதில் நான் உறுதியாக நின்றேன். டீசல் தடை ஐந்து வாரத்துக்குத்தான். மே 12 அன்று மறு ஆய்வுக்கு வருகிறது. அதுவரை எப்படியாவது சமாளித்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட முறையில் யாருக்கும் எதிரான முடிவில்லை இது.

அத்தான் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கட்டும். அவர் கேட்க மாட்டார், நீதான் மிரட்ட வேண்டும். இன்னொன்று, உறையின்மேல் என் பதவியை எழுதாதே. பார்ப்பவர்கள் பலவிதமாகப் பேசுவார்கள்.

எப்போதும் உன் நினைவாக,
தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

"எப்படியாவது சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த எப்படியாவது எப்படி என்று சொல்லித் தருகிறேன், கேட்டுக்கொள்.

முன்பெல்லாம் ஒருவருக்கு வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம். போர் வந்ததும் வாரம் இரண்டு முறை, மூன்று மணி நேரம் ஆக்கினோம். உனக்கு முதல் கடிதம் அனுப்பிய மறுநாள் டாக்டரும் நானும் மருந்தறையில் உட்கார்ந்து அதையும் இரண்டு மணி நேரமாக வெட்டினோம். எல்லோருக்கும் ஒரே அளவு. யாருக்கும் கூடுதல் இல்லை, யாருக்கும் குறைவில்லை. டாக்டர் என்னைப் பார்க்காமல், "சிஸ்டர், உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அரைமணி சேர்த்துப் போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். நான் அத்தான் பெயருக்கு நேரே இரண்டு என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

மருந்துக்குத் தடையில்லையாம், அதில் உறுதியாக நின்றாயாம். நின்ற காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடட்டுமா? மருந்து லாரி வந்தது. பெட்டி பெட்டியாக டயாலிசிஸ் திரவம் இறக்கினார்கள். அடுக்கி வைத்திருக்கிறோம், பார்க்க அழகாக இருக்கிறது. இயந்திரம் ஓடினால்தானே திரவம் ஓடும்? இதை யோசிக்க வெளியுறவுக் கல்வி எதற்கு? எங்கள் வார்டு கூட்டுகிற அம்மாவுக்குத் தெரிகிறதே.

நேற்று முன்தினம் தையற்காரம்மா போய்விட்டார். நான்காம் நாற்காலி. எங்கள் தலையணை உறையெல்லாம் அவர் தைத்துக் கொடுத்தது. உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்கி, "படுக்க முடியல சிஸ்டர், உக்கார வைங்க" என்று சொல்லிச் சொல்லி, உட்கார்ந்தபடியே போனார். குண்டு விழுந்து சாகவில்லை. உங்கள் நடுநிலையில் செத்தார்.

யாருக்கும் எதிரான முடிவில்லை என்கிறாய். அப்படியானால் அந்த அறையில் யார் யார் உட்கார்ந்தீர்கள், என்ன பேசினீர்கள், மருத்துவமனை என்ற சொல் யார் வாயிலாவது வந்ததா, அதைச் சொல். எனக்குப் புரியும்படி எழுது. நான் நர்ஸ்தான், முட்டாள் இல்லை. சுற்றி வளைத்து எழுதினாயானால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அத்தானுக்குக் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. "புது செருப்பு வாங்கற செலவு மிச்சம்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்பு அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இதைப் படித்ததும் நீ என்னை வெறுப்பாய். பரவாயில்லை என்று எழுத வந்தேன், எழுத முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் அமைச்சருக்குப் போகும் குறிப்பு ஒரே ஒரு பக்கம். அதற்கு மேல் அவர் புரட்ட மாட்டார். அந்தப் பக்கத்தில் எப்போதும் மூன்று வழிகள் இருக்கும். முதலாவது யாராலும் செய்ய முடியாதது. மூன்றாவது யாரும் செய்யத் துணியாதது. நடுவில் இருப்பதுதான் அதிகாரிகள் விரும்புவது. அமைச்சர் மூன்றையும் படித்து, நெற்றியைத் தடவி, தாமே கண்டுபிடித்ததுபோல நடுவில் உள்ளதற்கு டிக் போடுவார். இருபது வருடமாக இப்படித்தான். இந்தக் குறிப்பில் முதல் வழி, பாலத்தையே மூடுவது. மூன்றாவது, எதையும் தடுக்காமல் விட்டுவிட்டு எரிவாயு நின்றால் நிற்கட்டும் என்று இருப்பது. நடுவில், உணவையும் மருந்தையும் விட்டுவிட்டு எரிபொருளை நிறுத்துவது.

எழுதியது நான்தான்.

முதல் வரைவில் நடு வழிக்குக் கீழே ஒரு வரி இருந்தது. மருத்துவமனைகளுக்கான டீசலுக்கு இத்தடையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று. யாரும் சொல்லாமல் நானாக எழுதிய வரி. எழுதும்போது உன் எட்டு நாற்காலிகள்தான் கண்முன் இருந்தன. பிறகு நானாகவே அடித்தேன்.

ஏன் என்று கேட்பாய். போன வருடம் எங்கள் பிரிவில் ஒருவர் துறைமுகம் பற்றிய குறிப்பு எழுதினார். அவர் மாமனாருக்குக் கப்பல் இருப்பது பிறகுதான் தெரிந்தது. மனிதரை ஆவணக் காப்பறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு அக்கா அந்த ஊர் மருத்துவமனையில், அத்தான் அதே மருத்துவமனையில் நோயாளி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் அலுவலகத் தாழ்வாரத்தில் என் மேலதிகாரி சிரித்துக்கொண்டே, "உங்க சொந்தமெல்லாம் அந்தப் பக்கம்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெறும் பேச்சுக்குத்தான் கேட்டார். நான் நேரே மேசைக்கு வந்து அந்த வரியை எடுத்தேன். சொந்தக்காரருக்காகக் கோப்பை வளைத்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைத்தேன். அப்போது அது நேர்மை என்றே பட்டது.

கூட்டம் ஐம்பது நிமிடம். நாற்பது நிமிடம், அடுத்த மாத மாநாட்டில் அமைச்சர் யார் கையை முதலில் குலுக்குவது, அதைப் படம் எடுக்க விடுவதா என்பதில் போனது. டீசலுக்கு நான்கு நிமிடம். டிக் விழுந்தது. எழுந்திருக்கும்போது செயலாளர், "ஆஸ்பத்திரிக்கெல்லாம் என்ன செய்வாங்க, யாரும் யோசிக்கலையா?" என்று கேட்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அவரவர் காகிதத்தைப் பார்த்தார்கள். நான் அப்போது வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே பேனாவால் சேர்த்திருப்பார். நான் திறக்கவில்லை. அடுத்த கோப்பு வந்துவிட்டது.

இப்போது திருத்த வேண்டுமென்றால் மே 12 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என்னால் ஆனது ஒன்றைச் செய்திருக்கிறேன். செயலாளரிடம் நேரே போய்க் கேட்டு, அத்தானுக்கு மருத்துவ அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன். ஒரு நோயாளி, உடன் ஒரு துணை. இங்கே பெரிய மருத்துவமனையில் இடம் சொல்லி வைத்தாயிற்று, முழு நான்கு மணி நேரமும் கிடைக்கும். சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. மே 6 வரை செல்லும். கோபத்தையெல்லாம் இங்கே வந்து என் தலையில் கொட்டு. முதலில் வா.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாமலும் கேட்கும்
தம்பி

*

ஏப்ரல் 28

உன் சீட்டு வந்து சேர்ந்தது.

நீ செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நேர்மை என்று பட்டதாம்! நேர்மை என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? என் புருஷன் பெயரை எடுத்து வரிசையில், மற்றவர்களோடு மற்றவராக, இரண்டு மணி நேரத்துக்கு எழுதினேனே, அது. நான் அவரை வரிசையில் நிறுத்தினேன். நீ, அவர் நிற்கிறார் என்பதற்காக வரிசையையே அழித்துவிட்டாய். உன் சட்டையில் கறை படக்கூடாது என்பதற்காக என் வார்டில் இருபத்தாறு பேரின் மூச்சை நெரித்தாய். சொந்தக்காரன் ஒருவனும் இல்லாதவனாக இருந்திருந்தால் அந்த வரியை விட்டு வைத்திருப்பாய், இல்லையா? அப்படியானால் இந்த ஊர் செய்த ஒரே பாவம், நான் இங்கே இருந்ததுதான்.

அதைவிட எரிகிறது இந்தச் சீட்டு. எல்லோருக்குமாக ஒரு வரி கேட்டபோது, சொந்தம் குறுக்கே நிற்கிறது என்றாய். இப்போது ஒரே ஒருவருக்காகச் செயலாளர் அறைக்கதவைத் தட்ட முடிந்திருக்கிறது. அந்த அறைக்குப் போகிற வழி உனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. போனவன், நின்ற நிலையிலேயே அந்த ஒரு வரியையும் கேட்டிருக்கக் கூடாதா?

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் நேற்று நாற்காலிக்கு வரவில்லை. ஆள் அனுப்பினேன். வீட்டில் இறந்து கிடந்தார். "என் நேரத்தை அந்த பஸ் டிரைவருக்குக் குடுத்துடுங்க, அவனுக்குச் சின்னப் பசங்க" என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். அதுவும் சீட்டுத்தான், தம்பி. இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

உன் சீட்டைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. அதற்காகவும் உன்மேல்தான் கோபம் வருகிறது. அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. முகம் வீங்கிவிட்டது, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார்.

*

மே 2

அன்பு அக்காவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. ஆனால் சீட்டுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. 5ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பாலத்தின் இந்தப் பக்கம் ஆம்புலன்ஸோடு நிற்கிறேன். அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம், வந்தால் போதும்.

12ஆம் தேதி மறு ஆய்வைப் பற்றியும் நீ கேட்பாய். அந்தக் குறிப்பை வேறு யாராவது எழுதட்டும் என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். அத்தானுக்குச் சீட்டு வாங்கியது தெரிந்த பிறகு நான் எழுதினால், அந்த விலக்கையே சந்தேகப்பட்டு எடுத்துவிடுவார்கள். என் கை படாமல் இருப்பதுதான் அந்த வரிக்கு நல்லது. புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரி எழுதுவார் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரி. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

காத்திருக்கும்
தம்பி

*

மே 7

தம்பிக்கு,

ஊர் தாண்டி வந்துவிட்டேன். உன் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடப் பேருந்துப் பயணத்தில், மருத்துவமனைக்குப் பின்னால் நோயாளிகளின் உறவினர் தங்கும் விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். 5ஆம் தேதி உன்னைப் பத்து மணிக்கு நிற்க வைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மருந்து லாரியில் பாலத்தைத் தாண்டினோம். உன் ஆம்புலன்ஸில் ஏற எனக்கு மனம் வரவில்லை. ஏதோ ஒன்றையாவது மறுக்க வேண்டும் போல இருந்தது, அதைத்தான் மறுக்க முடிந்தது.

மற்றபடி வெட்கமில்லாமல் சீட்டை வாங்கிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய பெரிய வார்த்தையெல்லாம் உனக்கு எழுதினேனே, 4ஆம் தேதி காலையில் அவர் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். ரத்தத்தில் கழிவு ஏறிவிட்டது. அந்த ஒரு பார்வையில் எல்லாம் போய்விட்டது. அலமாரியைத் திறந்து சீட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வார்டில் சொல்லிக்கொள்ளாமல் போக நினைத்தேன், முடியவில்லை. நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொன்னேன். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் திட்டவில்லை. பஸ் டிரைவர், "போய்ட்டு வாங்க சிஸ்டர். அங்க போயி நம்மளப் பத்திச் சொல்லுங்க" என்றார். டாக்டர் என் கையைப் பிடித்து, "நானா இருந்தாலும் போயிருப்பேன்" என்றார். அவர் போகமாட்டார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பதினாறு வருடம் அந்த வார்டின் சாவி என் இடுப்பில் இருந்தது. அதைக் கழற்றி ஊசி போடவே இன்னும் கை நடுங்குகிற பயிற்சி நர்ஸிடம் கொடுத்தேன். என்னை இப்படி ஓடி வருகிறவளாக ஆக்கியது நீ. அதை என்னால் மன்னிக்க முடியாது. முயற்சி செய்யவும் போவதில்லை.

அத்தானுக்கு நேற்று நான்கு மணி நேரம் முழுதாக ஓடியது. இயந்திரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இன்று காலையில் தெளிவாக எழுந்து உட்கார்ந்து, முதல் கேள்வியாக, "மத்தவங்கல்லாம் எந்த வார்டு?" என்று கேட்டார். எல்லோரையும் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இன்னும் என்னோடு பேசவில்லை. உன்னைப் பார்க்க ஆசைப்பட்டாலும் படுவார். பார்வை நேரம் நான்கிலிருந்து ஆறு. நீ வந்தால் நான் வெளியே போய்விடுவேன். என்னைத் தேடாதே, விடுதிக்கும் வராதே. இவருக்கு உடம்பு தேறியதும் நான் பாலத்துக்குத்தான் போவேன், விட்டால் தாண்டுவேன்.

உன் கடைசிக் கடிதத்தின் பின்பாதியை லாரியில் வரும்போதுதான் படித்தேன். மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டு, அந்த ஊரையே தெரியாத ஒருத்தியிடம் தள்ளிவிட்டிருக்கிறாய். உன் கை படாமல் இருப்பதுதான் அந்த வரிக்கு நல்லதாம். எங்கிருந்துதான் பிடிக்கிறாயோ இப்படிப்பட்ட வாக்கியங்களை!

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இருபத்தாறு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், மூன்றாவது ஆள் நான் கிளம்பிய அன்று போன தபால்காரர். அத்தான் இங்கே. மீதி இருபத்திரண்டு பேர். பெயர், வயது, தொழில், எந்த நாற்காலி, எந்த நாள், எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. தொட்டியில் இருப்பது 14ஆம் தேதி வரை வரும். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வராது. 12ஆம் தேதிக் குறிப்பை நீதான் எழுத வேண்டும். நடு வழியிலோ எந்த வழியிலோ, எங்கே போட்டால் டிக் விழும் என்று உனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொள். யாரும் உனக்கு அக்கா இல்லை, அத்தான் இல்லை, தூரத்து உறவுகூட இல்லை. உன் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் அந்த ஊரைவிட்டு வந்தாயிற்று.

இனி உனக்குத் தடை ஒன்றுமில்லை. எழுது.

அக்கா